சூரியப் புயலும் நம் ஈமானும்

(மதுரை அழகர்கோவில் வட்டாரப் பள்ளிவாசல் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் படைத்து, இரவையும் பகலையும் மாறிமாறி வரச் செய்கின்ற வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்துதித்த அண்ணல் நபி முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் பரிசுத்தக் குடும்பத்தார், சத்திய ஸஹாபாக்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சூரியனோடு முஃமினுக்கு இருக்கும் தொடர்பு தனியானது. வயலில் நிற்கும் விவசாயியும் சூரியனைப் பார்க்கிறார். வெயிலில் கல் சுமக்கும் தொழிலாளியும் பார்க்கிறார். ஆனால் ஒரு நாளில் ஐந்து வேளை அதன் நடையைக் கணக்கிட்டே வாழ வேண்டும் என்று கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம்தான். அடிவானில் வெள்ளை படர்ந்தால் ஃபஜ்ரு, உச்சி சாய்ந்தால் லுஹர், நிழல் நீண்டால் அஸர், வட்டம் மறைந்தால் மஃரிப், செம்மை அகன்றால் இஷா. அஸருக்கு நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா என்பதில் ஷாஃபிஈ மத்ஹபினருக்கும் ஹனஃபி மத்ஹபினருக்கும் நடக்கும் விவாதத்தை மதுரை வட்டாரத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. அந்த விவாதமேகூட நம் முன்னோர்கள் சூரியனை எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பதற்கு அத்தாட்சிதான். கி.பி. 900ஆம் ஆண்டு வாக்கில் ராக்கா நகரில் வாழ்ந்த அல்பத்தானி என்ற முஸ்லிம் வானியல் அறிஞர், தொலைநோக்கி இல்லாத அக்காலத்திலேயே ஓர் ஆண்டின் நீளத்தை ஏறத்தாழ இரண்டு நிமிட வித்தியாசத்திற்குள் அளந்து சொன்னார்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் அதன் முன் நாம் தலை குனிவதில்லை. சூரியனுக்கோ சந்திரனுக்கோ ஸுஜூது செய்யாமல், அவற்றைப் படைத்தவனுக்கே ஸுஜூது செய்யுமாறு திருமறை கட்டளையிடுகிறது (அல்குர்ஆன் 41:37). நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, அஸ்தமித்துவிடுகின்ற ஒன்று இறைவனாக இருக்க முடியாது என்று தம் சமூகத்தாருக்கு விளக்கிய வரலாறு அல்அன்ஆம் அத்தியாயத்தில் வருகிறது. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்கிறது சூரத்துர் ரஹ்மான் (55:5).

இன்று அந்தச் சூரியனைப் பற்றியே பேசப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

2024ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து வெளிப்பட்ட பெரும் புயல் பூமியைத் தாக்கியது. சுமார் இருபது ஆண்டுகளில் அவ்வளவு வலுவான புயல் வந்ததில்லை. துருவப் பிரதேசங்களில் மட்டுமே காணக்கூடிய வண்ண ஒளி அன்றிரவு வெகு தெற்கேயும் தெரிந்தது. நம் நாட்டில் லடாக்கிலுள்ள ஹான்லே என்ற இடத்தில் வானம் சிவந்திருந்ததை அங்குள்ள வான ஆய்வுக்கூடத்தின் கேமராக்கள் படமெடுத்தன. செய்தித்தாள்களில் அப்படம் வந்த சில நாட்களுக்குள் நம் கைப்பேசிகளில் செய்திகள் குவிந்தன. உலகத்தின் இணையமெல்லாம் அழியப் போகிறது என்றொரு செய்தி. இது கியாமத்தின் அடையாளம் என்று குரல் பதிவு. வெயில் 50 டிகிரிக்கு ஏறிவிடும் என்று இன்னொன்று. இன்றிரவு பன்னிரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை வானத்திலிருந்து கொடிய கதிர்கள் இறங்கும், கைப்பேசியை அணைத்துத் தூரத்தில் வைத்துவிட்டு உறங்குங்கள் என்ற செய்தி இருக்கிறதே, அது பல ஆண்டுகளாகவே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய பொய். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பெயரையும் வெளிநாட்டுத் தொலைக்காட்சியின் பெயரையும் போட்டு, தேதியை மட்டும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள்.

நம் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவர் அச்செய்தியை நம்பினார். நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. அவருடைய மகள் வெளியூரில் பிரசவத்திற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். அவரோ இரவு பன்னிரண்டு மணிக்கே வீட்டிலுள்ள மூன்று கைப்பேசிகளையும் அணைத்து, பீரோவில் பூட்டிவிட்டுப் படுத்துவிட்டார். நள்ளிரவில் இரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. அதே வகை இரத்தம் உடைய மகன் இந்த வீட்டில்தான் இருக்கிறான். மருமகன் மாறி மாறி அழைத்தும் பதில் இல்லை. ஃபஜ்ருக்கு எழுந்து கைப்பேசியைத் திறந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் வேறு ஒருவர் இரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த மனிதர் அன்று பள்ளிக்கு வந்து நின்ற கோலத்தை மறக்க முடியவில்லை. அவருக்குச் செய்தியை அனுப்பியவர் யார் தெரியுமா? இதே ஸஃப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்று தொழுபவர். நன்மை என்று நினைத்துத்தான் அனுப்பினாராம்.

சகோதரர்களே! அச்சம் தரும் செய்தியோ அமைதி தரும் செய்தியோ வந்தவுடன் அதைப் பரப்பிவிடும் மனிதர்களைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது. அதை இறைத்தூதரிடமும், தங்களில் பொறுப்புடையோரிடமும் கொண்டு சென்றிருந்தால், அதை ஆய்ந்தறியக் கூடியவர்கள் உண்மையைத் தெரிந்து சொல்லியிருப்பார்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் போதிக்கிறது. மதீனாவில் யுத்தச் செய்திகள் பரவிய காலத்து நிலையை ஒட்டி இறங்கிய வசனம் அது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழியும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. கேட்டதைச் சொல்பவன் பொய்யனென்றால், படிக்காமலேயே விரலால் தள்ளி நூறு பேருக்கு அனுப்புகிறவனை என்னவென்பது?

அப்படியானால் ஆய்ந்தறிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் வெளிச்சம் நம்மை வந்தடைய எட்டு நிமிடத்திற்குச் சற்று அதிகமாகிறது. அது திடப்பொருள் அன்று. கொதிக்கும் வாயுக் கோளம். அந்த வாயு மின்னேற்றம் பெற்றது. ஆகவே அது புரளும்போது காந்த சக்தியும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு அதிகமாகும் இடங்களில் வெப்பம் சற்றுக் குறைந்து கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. முறுக்கிய கயிறு அறுந்து தெறிப்பதைப்போல், அந்தக் காந்த முறுக்கு திடீரென்று விடுபடும்போது இரண்டு காரியங்கள் நடக்கலாம். ஒன்று, கண்ணைப் பறிக்கும் பிழம்பு. அதன் கதிர்கள் எட்டு நிமிடத்தில் பூமியை எட்டி, சிற்றலை வானொலித் தொடர்பைக் கொஞ்ச நேரம் குலைத்துவிடும். மற்றொன்று, கோடிக்கணக்கான டன் எடையுள்ள மின்னேற்ற வாயு மேகமாகப் பிய்த்துக்கொண்டு கிளம்புவது. இது நம்மை அடைய ஒன்று முதல் மூன்று நாட்களாகும். வேகமானதென்றால் ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். எல்லா மேகமும் நம்மை நோக்கி வருவதில்லை. 2012ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி கிளம்பிய மிகப் பெரிய மேகமொன்று பூமி இல்லாத திசையில் சென்றுவிட்டது. நாம் அன்று அறியவுமில்லை, அஞ்சவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை.

இந்தச் சீற்றம் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக் கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கியாமத்தின் அடையாளம் என்று குரல் பதிவு அனுப்பியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டனார் காலத்திலும், அவருக்குப் பாட்டனார் காலத்திலும் வந்து போனதையே இப்போது நாம் காண்கிறோம். சூரியன் சுருட்டப்படும் அந்த நாளைப் பற்றித் தக்வீர் அத்தியாயம் எச்சரிக்கிறது. அது நிச்சயம் வரும். அதன் நேரம் அல்லாஹ்விடமே இருக்கிறது என்பதும் திருமறையின் தீர்ப்புதான் (7:187). பிறகெதற்கு நமக்குத் தேதி குறிக்கும் வேலை?

இந்த 11 ஆண்டுக் கணக்கோடு நம் மதுரைச் சீமைக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நம் வீட்டு மூத்தவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். கரும்புள்ளிகள் கூடுவதற்கும் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பிருக்குமோ என்ற எண்ணம் அப்போது ஆங்கில ஆட்சியாளர்களுக்கு எழுந்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் குழு பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1899ஆம் ஆண்டு பழனி மலைத் தொடரில், அன்றைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்த கொடைக்கானலில், சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. நம் ஊரிலிருந்து மேற்கே போனால் ஒரு நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். அங்கே 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளிக்குள் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். உலகமெங்கும் அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் இத்தகைய இடங்கள் உலகில் மிகச் சில.

பஞ்சத்தை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற அந்த நோக்கம் நிறைவேறியதா என்றால், இல்லை. கரும்புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்லும் அளவுக்கு அந்தத் தொடர்பு உறுதியானதாக அமையவில்லை. மழையை இறக்குபவன் அவனே. ஆனால் மழையைத் தேடிப் போனவர்களுக்கு அல்லாஹ் வேறொரு அறிவைக் கொடுத்தான். கவனித்தல் ஒருபோதும் வீணாவதில்லை.

சூரியச் சீற்றத்தால் பூமியில் என்னதான் நேரும்? கற்பனை வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, இங்கிலாந்தில் ரிச்சர்டு கேரிங்டன் என்பவர் சூரியனில் ஒரு பிழம்பைக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமிக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் ஓடியது. தந்தி ஊழியர்கள் சிலருக்கு அதிர்ச்சி ஏற்பட்டது. மின்கலத்தைக் கழற்றிய பிறகும் சில கம்பிகளில் தந்தி போயிற்று என்று பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது பம்பாய் கொலாபாவில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே அன்று எழுதி வைக்கப்பட்ட அளவுகளைத்தான் அந்தப் புயலின் வலிமையை மதிப்பிட இன்றும் உலக விஞ்ஞானிகள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

1989 மார்ச் 13ஆம் தேதி கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் ஒன்றரை நிமிடத்தில் மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலால் மேல் வளிமண்டலம் சற்றே வீங்கியது. அந்த உராய்வு தாங்காமல், அப்போதுதான் ஏவப்பட்டிருந்த ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் 49 செயற்கைக்கோள்களில் சுமார் 40 விழுந்து எரிந்துபோயின.

ஆகவே ஆபத்து உண்மையானது. மின்சாரம், செயற்கைக்கோள், வழிகாட்டும் கருவி, நீண்டதூர வானொலி ஆகியவற்றுக்கு அந்த ஆபத்து. மின்கட்டமைப்புக்கு வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் உள்ள அபாயம் நமக்கு அவ்வளவு இல்லை. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனை அருகே செல்வதால், நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பகல் வேளையில் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. புயல் காலத்தில் அது குழம்பும். செயற்கைக்கோள் வழிகாட்டியில் இடம் காட்டுவது பிசகலாம். இதை ஆராய்வதற்கென்றே திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது.

மனித உடலுக்கு? தரையில் நடமாடும் நமக்கு ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் இல்லை, குழந்தைகளுக்கும் இல்லை. விண்வெளியில் இருப்பவர்களுக்குத்தான் கவலை. வெயில் கூடுமா என்றால், அதுவும் இல்லை. 11 ஆண்டுச் சுற்றில் சூரியன் தரும் மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கூடிக் குறைகிறது. அக்னி நட்சத்திரத்தில் மதுரை கொதிப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. வெட்டிச் சாய்த்த மரங்களையும் மூடிய கண்மாய்களையும் விட்டுவிட்டுச் சூரியப் புயலின் மேல் பழி போட வேண்டாம்.

2015ஆம் ஆண்டு ரமலானின் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஜூன் 22ஆம் தேதி முடிந்து நள்ளிரவாகும் நேரம். தராவீஹ் தொழுது வந்து, ஸஹருக்கு எழ வேண்டுமே என்று கண்ணயர்ந்திருந்தோம். அந்த நேரத்தில் மணிக்கு 25 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்த சூரிய மேகமொன்று பூமியின் காந்தக் கவசத்தில் மோதியது. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர்க் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் இரண்டு மணி நேரம் வழக்கத்தைவிட அதிகமான துகள்கள் பதிவாயின. காந்தக் கவசம் சற்று நேரம் பலவீனமடைந்ததால் உள்ளே புகுந்தவை அவை என்று அந்த விஞ்ஞானிகள் அடுத்த ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கவசம் நெருங்கியது, மீண்டும் விரிந்தது. நாம் எழுந்து ஸஹர் செய்தோம். நம்மில் ஒருவருடைய தூக்கமும் கலையவில்லை.

வானத்தைப் பாதுகாக்கப்பட்ட முகடாக ஆக்கியதாகவும், மனிதர்களோ அதிலுள்ள அத்தாட்சிகளைப் புறக்கணிப்பதாகவும் அல்அன்பியா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் கூறுகிறது. இந்த வசனத்தைக் காட்டி, காந்தக் கவசத்தைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று முழங்குவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஸஹாபாக்கள் காந்தக் கவசத்தை அறியாமலேயே இவ்வசனத்தை ஓதினார்கள், விளங்கினார்கள், அழுதார்கள். அல்லாஹ்வின் கலாமுக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேவையில்லை. விஞ்ஞானம் நாளை தன் கருத்தை மாற்றிக்கொள்ளும், வேதம் மாறாது. ஆயினும், நாம் உறங்கும்போது நம்மைக் காக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்று அறிந்தபின் அந்த வசனத்தை ஓதினால் உள்ளம் கூடுதலாக உருகுகிறது. அது போதும்.

இனி, இயற்கையின் நிகழ்வு ஒன்றைக் கண்டு மக்கள் தவறாகப் பேசியபோது நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்கள் மூலம் பிறந்த இப்ராஹீம் என்ற செல்வக் குழந்தை, பால்குடி மறக்கும் முன்னரே வஃபாத்தாகிவிட்டது. ஆண் மக்களை ஒவ்வொருவராக அடக்கம் செய்த அந்தத் தந்தையின் கண்கள் கலங்கின. அன்றைய தினமே சூரிய கிரகணம் பிடித்தது. பகலில் ஒளி மங்கியது. நபிமகன் இறந்ததற்காக வானமே துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பொய்யான ஒரு நபியாக இருந்தால் அந்தப் பேச்சை வாய்மூடி அனுமதித்திருப்பார். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மௌனமாக இருந்தாலே போதும். கூட்டம் கூடியிருக்கும், மரியாதை கூடியிருக்கும். நம் ஸர்வரே ஆலம் (ஸல்) அவர்களோ, மகனை இழந்த அதே நாளில், மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிக்கு வந்தார்கள். நீண்ட நேரம் நின்று தொழ வைத்தார்கள். பிறகு மக்களை நோக்கி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கினார்கள். அதைக் கண்டால் தொழுங்கள், துஆ செய்யுங்கள், தக்பீர் கூறுங்கள், தர்மம் செய்யுங்கள் என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்ச்சி இது. தமக்குப் பெருமை தரும் வதந்தியைத் தம் சோகத்தின் நடுவே நின்று மறுத்த தலைவர் ஒருவர் நமக்கு இருக்கிறார். அவருடைய உம்மத்து கைப்பேசியில் கண்டதையெல்லாம் தள்ளிவிடலாமா?

அதே நேரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பயப்படவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. கருமேகம் திரண்டால் அவர்களின் முகம் மாறும். உள்ளேயும் வெளியேயும் நடப்பார்கள். ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு மழை என்று மகிழ்ந்ததும் அதிலேயே அழிந்ததும் அவர்கள் நினைவுக்கு வரும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஃமினுக்குப் பயம் உண்டு. அந்தப் பயம் அவனைத் தொழுகைப் பாயில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வதந்தியின் பயமோ மகளின் அழைப்பைக்கூடக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

இந்த இடத்தில் நம் பெண்மக்கள் பக்கம் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 என்ற விண்கலம் சூரியனை ஆராய ஏவப்பட்டது. 2024 ஜனவரி 6ஆம் தேதி அது தன் இடத்தைச் சென்றடைந்தது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர். சூரியனுக்கு உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே நிற்கும் காவற்காரன் சூரிய மேகம் தன்னைக் கடந்ததைச் சொன்னால், பூமிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவகாசம் கிடைக்கும். அதன் முக்கியக் கருவியை உருவாக்கியது, கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்திவரும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்த மாபெரும் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் யார்? செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நிகார் ஷாஜி என்ற நம் சமுதாயப் பெண்மணி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு போதும் என்று மகளின் புத்தகத்தை மூடிவைக்கும் தகப்பன்மார்கள் இந்த ஸஃப்புகளிலேயே இருக்கிறீர்கள். ஆய்ந்தறியக் கூடியவர்களிடம் கேளுங்கள் என்று குர்ஆன் சொல்கிறதே, அந்த ஆய்ந்தறியக் கூடியவர் உங்கள் வீட்டிலேயே உருவாகக் கூடாதா?

முன்னேற்பாடு பற்றிச் சுருக்கமாக. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் உண்டு. புயலோ, மழையோ, சாதாரண மின்தடையோ, எதற்கும் உதவும் விதமாக முக்கியமான தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கொஞ்சம் ரொக்கப் பணம் வீட்டில் இருக்கட்டும். தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் கைப்பேசியிலேயே பார்த்துப் பழகிவிட்டோம். நிழலை வைத்து நேரம் காண்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆண்டில் இருமுறை சூரியன் கஃபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே 28 வாக்கில் நம் நேரப்படி பிற்பகல் 2 மணி 48 நிமிடம், ஜூலை 16 வாக்கில் 2 மணி 57 நிமிடம். அந்த நிமிடத்தில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. எந்தப் புயலாலும் பழுதாகாத கருவி அது. நம் பள்ளி முற்றத்தில் இன்ஷா அல்லாஹ் அந்நாளில் மக்தப் பிள்ளைகளை வைத்தே அளந்து பார்ப்போம்.

2019 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் வளையச் சூரிய கிரகணம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திண்டுக்கல் பக்கம் சூரியன் மோதிரம் போலவே தெரிந்தது. பல பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடந்தது. அன்றும் நம் வீடுகள் சிலவற்றில் கர்ப்பிணிகளை இருட்டறையில் அடைத்து, கத்தியைத் தொடாதே, தண்ணீர் குடிக்காதே என்று சொன்னார்கள். இதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்து, 2027ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, முழுச் சூரிய கிரகணம் வருகிறது. அதன் பாதை புனித மக்கா நகரின் மீதே செல்கிறது. பட்டப்பகலில் ஹரம் ஷரீஃப் சில நிமிடங்கள் இருளில் மூழ்கும். நமக்கு அது மாலைப்பொழுதில் பகுதிக் கிரகணமாகத் தெரியும். ஹனஃபி மத்ஹபின்படி அஸர் தொழுதபின் நஃபில் தொழுகை இல்லை என்பதால், அஸருக்கு முன் தொடங்கினால் இரண்டு ரக்அத் தொழுவோம். பின்னரென்றால் துஆவிலும் இஸ்திக்ஃபாரிலும் அமர்வோம். ஷாஃபிஈ சகோதரர்கள் அந்நேரத்திலும் தம் முறைப்படி, ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூவுகளுடன் தொழலாம். வெறுங்கண்ணால் எவரும் சூரியனைப் பார்க்க வேண்டாம். அதற்குரிய கண்ணாடி இல்லாதவர்கள், அட்டையில் ஊசித் துளையிட்டு நிழல் பிம்பத்தைத் தரையில் பார்க்கலாம். பெண்களுக்குத் திரையிட்டுத் தனி இடம் ஏற்பாடு செய்ய முத்தவல்லி அவர்களிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன். கர்ப்பிணிகளும் வரலாம். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.